கேட்காமல் வந்து உட்கார்ந்த நீட்சிகள்: ஒரு நீண்டகால பிரவுசர் அனுபவம்

2008-லிருந்து ஃபயர்ஃபாக்ஸ்தான் எனக்கு முதல் பிரவுசர், அலுவலக வேலைக்காக குரோமும் கூடவே திறந்திருக்கும். இரண்டைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒரே விஷயத்துக்காக. வேறு ஏதோ ஒரு மென்பொருளுக்கு வந்த அப்டேட், போகிற போக்கில் பிரவுசருக்குள் ஒரு நீட்சியை (extension, பிரவுசரில் கூடுதலாகச் சேரும் சிறு நிரல்) வைத்துவிட்டுப் போவதைப் பற்றி.

இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2009-இல். விண்டோஸில் பல மென்பொருள்கள் ஓடுவதற்கு அடிப்படையாக மைக்ரோசாஃப்ட் தரும் டாட் நெட்டின் 3.5 சர்வீஸ் பேக் 1, விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தபோது, ஃபயர்ஃபாக்ஸில் 'டாட் நெட் ஃபிரேம்வொர்க் அசிஸ்டென்ட்' என்ற நீட்சியும் சேர்ந்தே வந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதைவிடக் கொதிப்பைக் கிளப்பியது, அந்த நீட்சிக்கு எதிரே இருந்த 'அன்இன்ஸ்டால்' பட்டன். சாம்பல் நிறத்தில் செத்துப்போய் இருந்தது, எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. வேண்டாம் என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் ஒரு வரியை அழிக்க வேண்டும், அப்புறம் ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புகளிலும் கை வைக்க வேண்டும். கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக நிறுவியதால்தான் அப்படி ஆனது என்றார்கள், சில மாதம் கழித்து நீக்குவதற்கும் வழி செய்து கொடுத்தார்கள். சரி, ஆனால் அதே வருடம் அக்டோபரில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றின் காரணமாக ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லாவே அந்த நீட்சியை எல்லோருடைய கணினியிலும் தற்காலிகமாக முடக்க வேண்டி வந்தது. கேட்டு வாங்காத ஒரு பொருளுக்காக இத்தனை பேர் பதற வேண்டியிருந்தது.

எனக்கு இது உறைத்தது அப்பாவின் கணினியில்தான். இலவச ஆன்டிவைரஸ் ஒன்று போட்டிருந்தார், பெயர் வேண்டாம். ஒருநாள் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது, மறுநாள் பிரவுசரின் முகப்பே மாறிவிட்டது. முகவரிப் பட்டைக்குக் கீழே இரண்டு டூல்பார், தேடினால் கேள்விப்படாத ஏதோ தளம், அவர் எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர் என்பதால் ரயில் டிக்கெட் பக்கத்தில் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. கண்டதையும் அமுக்கினீர்களா என்று நான்தான் முதலில் கோபப்பட்டேன். "நான் எதையும் தொடலைடா, அதுவா வந்துச்சு" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்று தெரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எதுவுமே செய்யாத மனிதரைத் திட்டியிருக்கிறேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் மோசம். "இனிமே அப்டேட்டே வேண்டாம்" என்று தெருமுனைக் கடைப் பையனைக் கூப்பிட்டு விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரியவே தெரியாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவி ஊரே அலறியபோது போய்ப் பார்த்தேன், கடைசி அப்டேட் 2014 என்று இருந்தது. அந்தத் தாக்குதலைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்குத்தான் வரவில்லை. அவர் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல நேரம். ஒரு டூல்பாரைச் சேர்த்துவிட்டால் அந்த நிறுவனங்களுக்குக் கிடைக்கிற சில்லறைக்காக, அப்டேட் என்ற வார்த்தை மேலேயே மனிதர்களுக்கு நம்பிக்கை போய்விடுகிறது. விளம்பரத் தொல்லையை எல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியாது.

பெரிய கம்பெனிகளும் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2017 ஜனவரியில் அடோபி ரீடரின் பாதுகாப்பு அப்டேட்டோடு ஒரு குரோம் நீட்சி வந்தது. நீங்கள் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி வேண்டுமாம். அந்தக் கேள்வியையும் கேட்டது குரோம்தான், அடோபி இல்லை. சில நாட்களிலேயே கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி அந்த நீட்சியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். 2020 தொடக்கத்தில், ஆஃபீஸ் 365 ப்ரோபிளஸ் அப்டேட்டோடு குரோமின் தேடலைத் தன் தேடுபொறியான பிங்குக்கு மாற்றும் நீட்சி வரப்போகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, அது வரவிருந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. கணினி நிர்வாகிகள் கொந்தளித்த பிறகு, தானாக நிறுவுவதைக் கைவிட்டார்கள்.

பிரவுசர்கள் கதவை ஒவ்வொன்றாகச் சாத்தியிருக்கின்றன, அதை நன்றியோடு சொல்கிறேன். வெளி மென்பொருள் வைக்கும் நீட்சி நாம் சம்மதிக்காமல் இயங்காது என்று 2011-இல் ஃபயர்ஃபாக்ஸ் 8 கொண்டுவந்தது, 2013-இல் குரோம் 25 அதையே செய்தது, 2020-இல் ஃபயர்ஃபாக்ஸ் 74 அந்தப் பின்வாசலையே எடுத்துவிட்டது. ஆனால் 2017 டிசம்பரில் இதே மோசில்லா ஒரு டிவி தொடரின் விளம்பரத்துக்காக 'லுக்கிங் கிளாஸ்' என்ற நீட்சியைத் தானே பயனர்களிடம் தள்ளியது. அது செயல்படாத நிலையில்தான் இருந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். இருந்தாலும் மற்றவர்கள் செய்ததைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

இப்போதும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் கொள்கை (policy) அமைப்பு வழியாக நீட்சியைத் திணித்தால் நம்மால் நீக்க முடியாது. வீட்டுக் கணினியில் குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வந்தால் விசாரியுங்கள், சில சமயம் ஆன்டிவைரஸே அதை வைத்திருக்கும். நான் மாதம் ஒருமுறை அப்பாவின் கணினியில் அப்டேட் ஓடுகிறதா என்று பார்ப்பேன், அப்படியே நீட்சிகள் பக்கத்தையும் திறந்து, என்னவென்று தெரியாததை எடுத்துவிடுவேன். அவரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.