ரசீது எண்ணைக் கையில் கொடுக்காத 'வக்கீல்' பாய்

அஸ்ஸலாமு அலைக்கும். நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கிரீன் கார்டு, குடியுரிமை என்று யாரிடமாவது பேப்பர் கொடுத்து வைத்திருந்தால் கொஞ்சம் நின்று படியுங்கள். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆளிடம் எனக்கு முன்னால் ஏமாந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள். ஒருவர் வாய் திறந்திருந்தால் எனக்கு 3,400 டாலர் மிச்சம்.

காக்கா (அண்ணன்) மனுப் போட்டு, 13 வருஷம் காத்திருந்து, 2016-இல் குடும்பத்தோடு நியூயார்க்கின் குயின்ஸுக்கு வந்தோம். ஐந்து வருஷம் முடிந்ததும் குடியுரிமைக்குப் போடலாம் என்று 2022 தொடக்கத்தில் விசாரித்தேன். ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும்போது ஒருவர் சொன்னார், ஜாக்சன் ஹைட்ஸில் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், தமிழும் உருதும் பேசுவார், எல்லோரும் 'வக்கீல் பாய்' என்றுதான் சொல்வார்கள் என்று. போனேன். டிராவல்ஸ், வருமான வரி, இமிக்ரேஷன் எல்லாம் ஒரே பலகையில். உள்ளே மக்கா படம், டீ, "வாங்க காக்கா, எந்த ஊரு?" என்று விசாரிப்பு. அவர் வக்கீல் என்று அவர் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1,900 டாலர் வாங்கினார். அதில் 1,200 அரசாங்கக் கட்டணம் என்றார். அன்றைக்கு என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணம் கைரேகையோடு சேர்த்து 725 டாலர். இணையத்தில் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை, என் மனைவி கேட்டாள், அவளையும் "உனக்கு என்ன தெரியும்" என்று அடக்கிவிட்டேன். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

படிவத்தில் ஏதாவது சங்கத்தில், அமைப்பில் உறுப்பினரா என்று ஒரு கேள்வி வரும். நான் ஊர்க்காரர்கள் நடத்தும் கல்வி உதவிச் சங்கத்தில் இரண்டு வருஷம் பொருளாளர், ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற சங்கம், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் பாய் கையை ஆட்டினார். "முஸ்லிம் சங்கம்னு எழுதினா ஃபைலை ஓரமா தூக்கிப் போட்டுடுவான், 'இல்லை'ன்னே போடுவோம்." வெளிநாட்டுப் பயணங்களையும் நான் சொன்னபடி எழுதவில்லை. 2019-இல் உம்மா மவுத்தானபோது ஊருக்குப் போய் நாற்பது நாள் இருந்து வந்தேன், அதையே விட்டுவிட்டார். நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கைரேகைக்குக் கடிதம் வந்தது, நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. இரண்டும் என் வீட்டுக்கு வரவில்லை, அவர் கடைக்கு வந்தன. அவர் போன் போட்டு "காக்கா, லெட்டர் வந்திருக்கு" என்பார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நினைத்தேன், போங்கள்.

நேர்காணலில் கேள்விபதில் பரீட்சை தேறிவிட்டேன். அப்புறம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே 2019 முத்திரையைக் காட்டி இது என்ன பயணம், படிவத்தில் இல்லையே என்றார். உம்மா மவுத்தைச் சொன்னேன், சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த அம்மா தன்மையாகத்தான் பேசினார். யார் படிவத்தை நிரப்பியது என்று கேட்டார். பாய் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தபடி "நானே" என்றேன். கூடுதல் ஆவணம் வேண்டுமென்றால் கடிதம் வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. பாயிடம் போனால் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "உங்க பேரு முகமதுன்னு தொடங்குதுல்ல, கார்ப்ல மாட்டியிருக்கும்" என்றார். வாஷிங்டனில் ஒரு சிவில் ரைட்ஸ் வக்கீல் இருக்கிறார், அவர் மூலம் தள்ளினால்தான் நகரும், 1,500 டாலர் என்றார். 2023 நவம்பரில் கொடுத்தேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கார்ப் என்பது கட்டுக்கதை இல்லை. 2008-இல் குடியேற்றத் துறை தொடங்கிய திட்டம். தேசப் பாதுகாப்புச் சந்தேகம் என்று ஒரு ஃபைலில் முத்திரை விழுந்தால் விண்ணப்பித்தவருக்குச் சொல்லாமலே வருஷக்கணக்கில் இழுக்கலாம். 2013-இல் ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பு அதை அறிக்கையாக வெளியிட்டது, 2017-இல் சியாட்டில் ஃபெடரல் கோர்ட்டில் வழக்கும் போட்டார்கள். பள்ளிவாசல்களில் போலீஸ் உளவு பார்த்ததும் நடந்ததுதான், 2002-இல் தொடங்கிய திட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆண்களை வரிசையில் நிறுத்திப் பதிவு செய்ததும் நடந்ததுதான். இதெல்லாம் நம் காதில் விழுந்த கதைகள் என்பதால் அவர் சொன்னதும் நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அவர் புதுசாகப் பொய் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, நமக்கு நடந்த அநியாயத்தையே நமக்கு விலை போட்டு விற்றார்.

பள்ளிவாசலின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை இலவச சட்ட முகாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஓசியில் என்ன பெரிய வக்கீல் வரப்போகிறார் என்று பல வாரம் தாண்டிப் போனவன் நான். 2024-இல் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி, வங்காளப் பெண், என் மகள் வயசு இருக்கும். முதல் கேள்வி: "ரசீது எண் எங்கே, அங்கிள்?" மூன்று எழுத்தும் பத்து எண்ணும் சேர்ந்தது, அதைப் போட்டால் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். என்னிடம் இல்லை. "என் சிஸ்டம்ல இருக்கு" என்றுதான் பாய் எப்போதும் சொல்வார்.

அவளுக்கு மேலே இருந்த வக்கீல் அம்மா, என் கோப்பின் நகல் கேட்டு யூஎஸ்சிஐஎஸ்ஸுக்கு (குடியேற்றத் துறைக்கு) விண்ணப்பம் போட்டார். அதற்குக் கட்டணமே கிடையாது. சில மாதம் கழித்து வந்தது. பயண விவரமும் பாஸ்போர்ட் நகலும் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது, பாய் கடை முகவரிக்கு. பதில் வராததால் 2023 ஆகஸ்டில் விண்ணப்பத்தை நிராகரித்த கடிதமும் அதே முகவரிக்குப் போயிருக்கிறது. அதாவது கார்ப்பும் இல்லை, மண்ணும் இல்லை, கடிதம் அவர் மேஜையில் கிடந்திருக்கிறது. முடிந்துபோன ஃபைலுக்குத்தான் நவம்பரில் என்னிடம் 1,500 வாங்கினார். மறுவிசாரணை கேட்க 30 நாள் அவகாசம் உண்டு, அதுவும் போய்விட்டது.

இன்னொன்றும் கோப்பில் இருந்தது. படிவம் நிரப்பியவர் பெயர் எழுத ஒரு பகுதி உண்டு, அது காலி. அவர் எழுதிய பொய்யெல்லாம் நான் எழுதியது, சட்டப்படி. சங்கத்தை மறைத்தது எதற்கு என்று அந்த வக்கீல் கேட்டார். சங்கம் இருப்பது குற்றமில்லை, மறைத்ததுதான் பிரச்சினை, குடியுரிமை கிடைத்த பிறகு தெரியவந்தாலும் அதைப் பிடுங்க வழக்குப் போட இடமிருக்கிறது என்றார். "நானே நிரப்பினேன்" என்று சொன்னது அதைவிட மோசம் என்றார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு வராவிட்டால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வாஷிங்டனில் ஆள் பிடிக்கத் தேவையில்லை. எஃப்பிஐ கதவைத் தட்டினாலும் வக்கீல் மூலம் பேசுகிறேன் என்று சொல்லலாம். நியூயார்க்கில் சிட்டி யூனிவர்சிட்டி சட்டக் கல்லூரியில் கிளியர் என்று ஒரு குழு 2009-லிருந்து இதற்காகவே இருக்கிறது, காசு வாங்குவதில்லை. உளவு சொல்ல மறுத்ததற்காக விமானத் தடைப் பட்டியலில் போட்டார்கள் என்று முஹம்மது தன்வீர் என்ற லாரி ஓட்டுநரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், அதிகாரிகள்மேல் நஷ்டஈடு கேட்கலாம் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சொன்னது. அதை நடத்தியதும் இந்தக் குழுதான். நான் ஓசி என்று ஒதுக்கிய வக்கீல்கள் இப்படிப்பட்டவர்கள்.

வக்கீல் இல்லாதவர் இந்த வேலை செய்தால், நியூயார்க் சட்டப்படி 'நான் வக்கீல் அல்ல' என்று கடையில் எழுதி மாட்ட வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும், மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் ரத்து செய்யலாம். என்னிடம் ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. 1,500-ஐ ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் ஆப்பில் அனுப்பியது மட்டும் பதிவாக இருந்தது. அதை வைத்துத்தான் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பாய் போனை எடுப்பதில்லை. பள்ளியில் பார்த்தால் ஸஃப் (தொழுகை வரிசை) மாறி நிற்கிறார். கடைப் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள், புகார் நடக்கும்போது வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

2024 கடைசியில் புதுசாக விண்ணப்பித்தோம், இணையத்தில் 710 டாலர். சங்கத்தின் பெயர், எல்லாப் பயணங்களும், முதல் தடவை நடந்ததைப் பற்றி என் கைப்பட ஒரு விளக்கமும். முகவரி என் வீட்டு முகவரி. உங்கள் விண்ணப்பத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று தெரியாவிட்டால் நாளைக்கே போய்க் கேளுங்கள், ரசீது எண்ணைக் கையில் வாங்காமல் அந்தக் கடையைவிட்டு வராதீர்கள். சனிக்கிழமை முகாமுக்குத் தனியாக வரத் தயக்கமாக இருந்தால் எனக்குச் செய்தி போடுங்கள், லுஹர் (மதியத் தொழுகை) முடிந்து நான் அங்கேதான் இருப்பேன்.