தண்ணீர் கேனைத் தூக்கச் சொல்லித் தந்த பிசியோ மையம்
20 லிட்டர் கேனைக் குனிந்து தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதால், பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனையில் உள்ள சின்ன பிசியோதெரபி மையத்துக்கு ஆறு வாரம் போனேன். முதல் நாளே ஒரு கேனை முன்னால் வைத்துத் தூக்கச் சொன்னார்கள், நான் முதுகை வில்லாக வளைத்ததும் நிறுத்தி, கேனை இரண்டு பாதத்துக்கும் நடுவில் நகர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முட்டி மடக்கி உட்கார்ந்து, அதை நெஞ்சோடு அணைத்து எழ வைத்தார்கள். பாரம் உடம்பை விட்டுத் தள்ளிப்போகப் போக கீழ்முதுகுக்குத்தான் சுமை கூடும். குனிவதே தப்பு என்று பயமுறுத்தவில்லை, கீழே விழுந்த பேனாவைத் தாராளமாகக் குனிந்து எடுங்கள் என்றார்கள், அது ரொம்பப் பிடித்தது. எனக்குக் குதிகால் தரையில் நிற்கவில்லை. கணுக்கால் இறுக்கம்! அடியில் சின்னப் பலகை வைத்ததும் சரியாக உட்கார முடிந்தது. முன்பு போன ஜிம்மில் யாரும் என் காலைப் பார்த்ததே இல்லை. மாலையில் கூட்டம், காலையிலேயே போய்விடுங்கள்.