பதிவேட்டில் குறையில்லை, குழலில் துரு: மதுரைத் துப்பாக்கிக் கடை ஒன்றில் என் அனுபவம்

பேரையூர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு, அவருடைய தந்தையாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி அண்மையில் உரிமத்தோடு கைமாறியிருக்கிறது. தோட்டா வாங்கவும், பழுது பார்க்கவும், தேர்தல் காலத்தில் ஒப்படைத்து வைக்கவும் மதுரையில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் கடைக்கே தானும் போகலாமா என்று அவர் கேட்டார். ஒரு சொல்லில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று அது. அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான கடை என்பதால் அதன் நல்லதும் கெட்டதும் எனக்குத் தெரியும். யாரையும் ஊரறிய இழுத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. ஆகவே கடையின் பெயரை எழுதவில்லை.

என் துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு), வால்நட் கட்டை, குதிரை எனப்படும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் வகை. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்க 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இடம் தருகின்றன. அந்த வழியில்தான் அது எனக்கு வந்தது. சாப்டூர் மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடும் எங்களுக்குக் காட்டுப்பன்றிதான் பெரும் தொல்லை. அதைச் சுட வனவிலங்குச் சட்டம் நம்மை அனுமதிக்காது. இராக்காவலில் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போட்டால் கூட்டம் கலைந்து மலைப்பக்கம் ஓடும். அந்த ஒரு வேட்டு தவறாமல் வெடிக்க வேண்டும் என்பதுதான் நான் இந்தத் துப்பாக்கியிடம் எதிர்பார்ப்பது. இடது குழல் ஒரு முறை பழுதானதைத் தவிர, அதில் அது என்னைக் கைவிட்டதில்லை.

மளிகைக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடலாம். துப்பாக்கிக் கடைக்கு அப்படி மாற்று இல்லை. விற்பவருக்கும் உரிமம் வேண்டும், வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும், வாங்கிய ஒவ்வொரு தோட்டாவும் புத்தகத்தில் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால் கடைகள் மிகக் குறைவு. கட்டுப்பாடு தேவையானதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேறு போக்கிடம் இல்லாத வாடிக்கையாளரை எப்படி நடத்துவது என்பது கடைக்காரரின் கையில்தான் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையின் கணக்கு அப்பழுக்கில்லாதது. உரிமப் புத்தகத்தின் அசல் இல்லாமல், நகலைக் காட்டித் தோட்டா கேட்ட ஒருவரை, அவர் எவ்வளவோ பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லியும், அவர்கள் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அதைவிடவும் பெரிய நன்மை, பின்கட்டில் உட்கார்ந்து பழுது பார்க்கும் பெரியவர். எங்கள் துப்பாக்கியின் இடது குழலுக்கான ஃபயரிங் பின், அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி, முனை உடைந்து தோட்டா வெடிக்காமல் போனபோது, புதிய பின்னைத் தாமே கடைந்து பொருத்தி, உடைந்த பழைய துண்டையும் ஒரு தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். கேட்காமலேயே, குழலில் தோட்டா உட்காரும் பகுதியான தோட்டா அறையையும் அளந்து பார்த்தார். "தம்பி, இது அறுபத்தஞ்சு மில்லி அறை. எழுபது போட்டுறாதீங்க" என்று சொல்லிக் காரணத்தையும் விளக்கினார். 70 மில்லிமீட்டர் என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு தோட்டாவுக்கு இருக்கும் நீளம். வெடிக்காத தோட்டா அதைவிடக் குட்டையானது என்பதால் 65 அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும், குழலும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போதுதான் அதன் வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகும் பகுதிக்குள் புகுந்து அழுத்தத்தைக் கூட்டும். பழைய துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அதே கடையின் முன்கட்டில், அடுத்த முறை நான் தோட்டா கேட்டபோது, என் துப்பாக்கியின் அறை அளவைச் சொல்லிய பிறகும், 70 என்று அச்சிட்ட பெட்டியை எடுத்து வைத்தார்கள். நான் பெட்டியைத் திருப்பிக் காட்டியதும், "எல்லாரும் இதத்தாண்ணே வாங்கிட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் கல்லாவில் இருந்தவர். பின்கட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது முன்கட்டில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. படிக்கத் தெரியாத ஒரு பெரியவரிடம் அந்தப் பெட்டி போயிருந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிறது.

இப்போது என் மனத்தை விட்டு அகலாத செய்திக்கு வருகிறேன். தேர்தல் தேதியை அறிவித்த கையோடு துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து தகவல் வரும். வங்கிக் காவலர்களுக்கும் தேசிய ரைபிள் சங்கத்தைச் சேர்ந்த போட்டி வீரர்களுக்கும் விலக்கு உண்டு. எங்களைப் போன்ற விவசாயிகள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ வைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் இடமில்லை, கடையில் வைத்துவிடுங்கள் என்பதுதான் எங்கள் பக்கத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் அங்கேதான் வைத்தேன். மே மாதத்தில் முழு ஊரடங்கு வந்து கடை பூட்டிக் கிடந்ததால் திரும்பப் பெறத் தாமதமானது. அதற்காக அவர்களை நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19ஆம் தேதியே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும், மற்ற மாநிலங்களின் கட்டங்கள் முடிந்து எண்ணிக்கை நடந்தது ஜூன் 4ஆம் தேதி என்பதால் கோடை முழுவதும் துப்பாக்கி கடையில்தான் இருந்தது.

கொடுப்பதற்கு முன் நான் செய்தவற்றைச் சொல்ல வேண்டும். குழல்களைத் துலக்கி, உள்ளும் புறமும் துப்பாக்கி எண்ணெய் பூசி, போலித் தோட்டா இரண்டைப் போட்டு இரண்டு விசைகளையும் இழுத்து, உள்ளே இருக்கும் வில்களை (ஸ்பிரிங்குகளை) தளர்த்தி வைத்துக் கொடுத்தேன். இந்த வகைத் துப்பாக்கியைத் திறந்தாலே உள்குதிரைகள் ஏறி வில் இறுகிக்கொள்ளும். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்தால் வில் சோர்ந்துபோகும். தளர்ந்த நிலையில் இருக்கும் துப்பாக்கியைத் திறக்கக் கைக்கு நல்ல அழுத்தம் வேண்டும்.

ஜூனில் வாங்கியபோது கடையிலேயே உறையைக் கழற்றித் திறந்தேன். குழல் சற்றும் எதிர்ப்பில்லாமல் தானாக மடிந்து விழுந்தது. யாரோ அதைத் திறந்து பார்த்து, வில்லைத் தளர்த்தாமலே மூடி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதற்கும் மேல் ஒரு சான்று குழலிலேயே இருந்தது. இடது குழலின் வெளிப்புறத்தில், கருநீலப் பூச்சின் மீது, நான்கு விரல்கள் பற்றிய இடம் நான்கும் பழுப்புத் துருவாகப் பதிந்திருந்தன. வியர்வைக் கையோடு பிடித்துத் துடைக்காமல் ரெக்ஸின் உறைக்குள் தள்ளினால் இப்படித்தான் ஆகும். என் விரல்களை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தேன்; அவை என்னுடையவற்றைவிடத் தடித்த விரல்கள். வாசல் வெளிச்சத்துக்குக் குழலைத் தூக்கிப் பார்த்தபோது, கண்ணாடிபோல இருந்த உட்புறத்தில், தோட்டா அறையைத் தாண்டிய இடத்தில் மோதிரமாக ஒரு கறை தெரிந்தது.

"பொருள யாருமே தொடலண்ணே" என்றார் கடைக்காரர். வில் இறுகியிருப்பதைக் காட்டினேன். அவர் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை; பதிவேட்டைத் திறந்து என் வரியில் விரலை வைத்து, "நம்பர் சரியா இருக்கா? கையெழுத்துப் போடுங்க" என்றார். வைப்புக் கட்டணம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்டதற்கு நான்கு என்றார். மார்ச் பாதியில் கொடுத்து ஜூன் பாதியில் வாங்கினால் மூன்று மாதம்தானே என்றேன். நாட்காட்டியில் நான்கு மாதப் பெயர் வருவதால் நான்கு மாதம்தான் என்று முடித்துவிட்டார். இவ்வளவும் நான் நின்றுகொண்டே பேசியது. அதே நேரத்தில் தோட்டத்து முதலாளி ஒருவர் நாற்காலியில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, இரண்டு கையாலும் நீட்டினார்கள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மரியாதை எல்லாருக்கும் உரியது என்றுதான் அவர்கள் நினைக்கவில்லை.

வெளித் துருவை நீக்கியவர் அந்தப் பின்கட்டுப் பெரியவர்தான். மிக மெல்லிய இரும்புப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து அழுத்தாமல் தேய்த்தெடுத்தார். உட்கறை பள்ளம் விழுந்துவிட்டதால் அது போகாது என்றும், சுடுவதற்கு ஆபத்தில்லை என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னார். கூலி வாங்க மறுத்துவிட்டார். கடை செய்ய வேண்டியதை அவர் செய்தார்.

அடுத்த முறை ஒப்படைக்கும்போது குழலின் உட்புறம், வெளிப்புறம், கட்டை, வில்லின் நிலை ஆகியவற்றை ரசீதில் நான்கு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திடலாம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். விதிப்படி ரசீது தருகிறோம், அதற்கு மேல் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார்கள். வாங்கும்போது எப்படி இருந்தது என்று எழுதாத ரசீது, திருப்பிக் கொடுக்கும்போது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு இடமே தருவதில்லை. மக்கள் நம்பிக் கொடுக்கும் பொருளை மாதக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு காக்கும் ஒரு கடை, அந்தக் கேள்விக்கு அஞ்சக் கூடாது.

நேர்மையான கணக்கு, மதுரையில் நான் கண்டவர்களிலேயே தேர்ந்த கைவேலைக்காரர், உண்மையான சரக்கு ஆகிய மூன்றும் அங்கே உண்டு என்பதை மறுபடியும் சொல்கிறேன். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்ன பதில், அங்கே போக வேண்டாம் என்பதுதான். ஃபயரிங் பின் உடைந்தால் மட்டும் அந்தப் பெரியவரிடம் நேரே கொண்டுபோய், வேலை முடியும் வரை அருகிலேயே இருந்து கையோடு வாங்கி வரட்டும். நான் அடுத்த தேர்தலுக்கு எங்கள் காவல் நிலையத்திலேயே துப்பாக்கியை வைத்துக்கொள்ளும்படி எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். அங்கே இடமில்லை என்று எழுதித் தந்தால், ரசீதில் துப்பாக்கியின் நிலையைக் குறித்துத் தரும் கடை எதுவோ, அது திண்டுக்கல்லில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும், அங்கேயே கொண்டுபோய் வைப்பேன்.