சொகுசு மின்சார செடான்: சில வருஷம் ஓட்டிய பிறகு சொல்ல வேண்டியவை

பெரிய மின்சார செடான் வைத்திருக்கிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான். இத்தனை வருஷத்தில் எனக்கு ரேஞ்ச் ஒரு கவலையாக இருந்ததே இல்லை. பின்சீட்டும் டயரும்தான் யாரும் முன்கூட்டியே சொல்லாத சங்கதிகள்.

பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில் இருக்கிறது. அதனால் கால் வைக்கும் தளம் உயர்ந்துவிடும். காற்றைக் கிழித்துப் போக வேண்டும் என்று கூரையையும் தாழ்த்திவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பின்சீட்டில் உட்காருகிறவருக்கு முட்டி தூக்கிக்கொண்டு நிற்கும், தொடைக்கு அடியில் சீட் படாது. ஷோரூமில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் இது தெரியவே தெரியாது. என் அப்பா நீண்ட பயணம் என்றால் ஒரு துண்டை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். போர்ஷே டைகானில் இதற்கென்றே பின்சீட்டுக்காரர் பாதம் வைக்கும் இடத்தில் பேட்டரியில் பள்ளம் விட்டிருக்கிறார்கள். வாங்குமுன் வீட்டுப் பெரியவர்களைப் பின்னால் உட்காரவைத்து நிதானமாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

அடுத்தது டயர். இரண்டு டன்னுக்கு மேல் எடை, மிதித்த கணமே முழு இழுவிசை. டயர் தேயாமல் என்ன செய்யும்? என் காரில் பின்டயரின் உள்ஓரம்தான் முதலில் தேய்ந்தது. நின்று பார்த்தால் பட்டன் நன்றாகவே இருந்தது. லிஃப்டில் ஏற்றியபோதுதான் உள்பக்கம் மொழுக்கென்று ஆகியிருந்தது தெரிந்தது. இன்ஜின் சத்தம் இல்லாததால் சாலை இரைச்சல் பளிச்சென்று கேட்கும், அதை அடக்க டயருக்குள் நுரை ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் அந்த நுரையை வெட்டி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். எல்லாக் கடையிலும் செய்துதர மாட்டார்கள். ஸ்டெப்னியும் கிடையாது.

ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏர் சஸ்பென்ஷனும் அந்த அமைதியும் சேர்ந்தால் நாள் முழுக்க ஓட்டினாலும் உடம்பு அலுக்காது. ரேஞ்சைத் தின்பது வேகம்தான்: 100-லிருந்து 120 கிலோமீட்டருக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். வழியில் சார்ஜ் போட 10-லிருந்து 80 சதவீதம் வரைதான் கணக்கு. அதற்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் இறங்கிவிடும். சார்ஜரை நேவிகேஷனில் போட்டுவிட்டுக் கிளம்பினால் கார் பேட்டரியை முன்கூட்டியே பதமான சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும். குளிரில் இதனால் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

பிரேக் பேட் நீண்ட நாள் உழைக்கும், ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே காரை இழுத்துப் பிடித்து, பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் முறை) பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதற்காக பிரேக்கைத் தொடாமலே ஓட்டாதீர்கள், டிஸ்க் துருப்பிடிக்கும். கதவுப் பூட்டு, விளக்கு போன்றவற்றை இயக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரியையும் மறக்கக் கூடாது. பெரிய பேட்டரியில் சார்ஜ் தாராளமாக இருந்தும், சின்னது செத்துப்போன ஒரு காலையில் கதவோடு பதிந்திருக்கும் கைப்பிடியே வெளியே வரவில்லை. அவசரத்துக்கான உலோகச் சாவியை எங்கே நுழைப்பது என்று காரை எடுத்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருஷத்துக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று இருக்கும். அதில் எவ்வளவு காலம் மிச்சம் என்பதை வைத்து விலை பேசலாம். வீட்டில் ராத்திரி சார்ஜ் போட இடமில்லாதவர்களுக்கு மட்டும், எவ்வளவு பிடித்திருந்தாலும், இந்தக் காரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.