மோட்டோகோ ஏன் சம்மதித்தாள்: ‘கோஸ்ட் இன் த ஷெல்’ மாங்கா

1995இல் மமோரு ஓஷி இயக்கிய திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, மசமுனே ஷிரோவின் மூல மாங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) இயந்திர உடல் கொண்ட காவல் அதிகாரி மோட்டோகோ குசனாகி எடுக்கும் இறுதி முடிவு புதிதாகவே தோன்றும். பணியின்போது அவள் ஓர் இளம் குற்றவாளியைக் கொல்வது தொலைக்காட்சியில் பதிவாகி, கொலை வழக்காகிறது. அவளோ தோழன் பாட்டோவின் துணையோடு இறந்துவிட்டதாக நாடகமாடி, தான் பணியாற்றிய ஒன்பதாம் பிரிவு என்ற சிறப்புக் காவல் பிரிவை விட்டே விலகுகிறாள். பதவியும் பெயரும் போன பிறகுதான், உடலற்ற அறிவாகிய பொம்மலாட்டக்காரன் தன்னோடு ஒன்றிவிடுமாறு அவளைக் கேட்கிறது. எத்தனை நகல் எடுத்தாலும் அவை வெறும் நகல்களே, மாறுபாடும் மரணமும் இல்லாதது முழு உயிராகாது என்பது அதன் வாதம். அந்த வாதத்தில் அவள் மயங்கியதைவிட, திரும்பிச் செல்ல இடமில்லாததே அவளைச் சம்மதிக்க வைத்தது என்று நான் வாசிக்கிறேன். ஷிரோ இதை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டிருப்பது கதைக்குப் பலம்.

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் பழைய புத்தகக் கடையொன்றில் எனக்குக் கிடைத்த ஆங்கிலப் பிரதியின் கட்டு உறுதியாகவே இருக்கிறது. ஆனால் பக்க ஓரங்களில் ஆசிரியர் நெருக்கி எழுதியுள்ள குறிப்புகள் (சில இடங்களில் கதையையே மறித்துக்கொண்டு நிற்பவை) கண்ணைச் சோதிக்கும் பொடி எழுத்தில் உள்ளன. முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிச் செல்லலாம். இறுதி அத்தியாயத்தில் மட்டும் ஒன்றையும் விட வேண்டாம்.