அக்குள் நிணநீர் முடிச்சுகள்: ஒன்றிரண்டா, முழுவதுமா?

மும்பை தாராவியில் வசிக்கும் என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, "கட்டி மார்பில்தானே, அக்குளை ஏன் அறுக்க வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்டார். மார்பின் திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த திரவமான நிணநீர், பெரும்பாலும் அதை வடிகட்டும் சிறு உருண்டைகளான அக்குள் முடிச்சுகளுக்கே செல்வதால், புற்றணுக்கள் பரவத் தொடங்கினால் வழக்கமாக அங்கேதான் முதலில் தென்படும்.

நீலச் சாயத்தையோ கதிரியக்கப் பொருளையோ மார்பில் செலுத்தி, அது முதலில் சென்றடையும் முடிச்சுகளை, பெரும்பாலும் 1 முதல் 3 வரை, எடுத்துச் சோதிப்பது காவல் முடிச்சுச் சோதனை. மற்றொரு வழியான அக்குள் முடிச்சுகளின் முழு நீக்கத்தில் சுற்றியுள்ள கொழுப்போடு 10 அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகள் போய்விடுவதால் நிணநீர் வடிகால் தடைபட்டு, காலையில் எளிதாக ஏறிய வளையலை மாலையில் கழற்ற முடியாத அளவுக்குக் கை வீங்கும் அபாயம் கூடுதல்.

அக்குளில் நோய்க்கான அறிகுறியே இல்லாத தொடக்க நிலையில் முதல் வழியையே நான் விரும்புவேன். பல முடிச்சுகளில் நோய் உறுதியாகி, மருத்துவர் முழு நீக்கம் தேவை என்றால், வீக்கத்துக்கு அஞ்சி மறுப்பது சரியல்ல.