ரொக்கமா, பிணைப்பத்திரமா? அரசு மதுக்கடை எடுப்பவரின் கணக்கு

அமெரிக்காவில் 17 மாநிலங்களில் விஸ்கி, வோட்கா போன்ற வடிமதுவின் மொத்த வியாபாரம் அரசின் கையில் இருக்கிறது. அவற்றில் ஒஹையோ, ஓரிகன் போன்றவை சில்லறைக் கடையைத் தனியாரிடம் ஒப்பந்தத்துக்கு விடுகின்றன. பாட்டில் விற்றுப்போகும்வரை சரக்கு அரசுடையது. கடைக்காரருக்குக் கிடைப்பது கமிஷன். அடுத்தவர் சொத்தை அலமாரியில் அடுக்கிவைத்திருப்பவரிடம் ஈடு கேட்பது நியாயம்தான். எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்பதைச் சில இடங்களில் ஒப்பந்தமே சொல்லிவிடும். நமக்கே விட்டால் ரொக்கக் காப்புத்தொகை, வங்கி உத்தரவாதம், பிணைப்பத்திரம் என்று மூன்று வழிகள். நான் எடுத்தது பிணைப்பத்திரம்: நாம் கட்டத் தவறினால் அரசுக்குப் பணம் கொடுப்பதாக ஒரு பிணை நிறுவனம் எழுதித் தரும் உறுதி.

வங்கி உத்தரவாதத்தை நான் பயன்படுத்தியதில்லை. வங்கி நமக்குத் தரும் கடன் வரம்பில் அந்த அளவு குறைந்துவிடும் என்பதே என்னைத் தள்ளி நிற்கவைத்தது.

ரொக்கத்தில் சிக்கல் குறைவு: பிரீமியம் கிடையாது, கடன் வரலாற்றை யாரும் துருவ மாட்டார்கள். பிணைப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் பிரீமியம் உண்டு. கடன் வரலாறு நன்றாக இருந்தால் பெரும்பாலும் பத்திரத் தொகையில் 1 முதல் 3 சதவீதம். 50,000 டாலருக்கு 500 முதல் 1,500 டாலர்வரை. அது திரும்பி வராத பணம். இதை மட்டும் பார்த்தால் ரொக்கமே லாபம் என்று தோன்றும்.

சரக்கைக் கணக்கெடுக்க ஆள் வரும் நாளில்தான் கணக்கு மாறுகிறது. ஸ்கேனரோடு அலமாரி அலமாரியாக வருவார். பெரிய பாட்டில்கள் அனேகமாகச் சரியாக இருக்கும்; கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் 50 மில்லி குட்டி பாட்டில்கள்தான் இடிக்கும். குறைந்த சரக்குக்கு விலை போட்டுக் கையில் தாள் கொடுத்தால், கெடுவுக்குள் கட்ட வேண்டும். காப்புத்தொகையாகப் போட்ட ரொக்கம் அப்போது உதவாது. அது நம் பெயரில் இருந்தாலும் நம் கையில் இல்லை. அதிலிருந்து அரசு எடுத்துக்கொள்ளும் நிலை வந்தால் ஒப்பந்தமே ஆட்டம் கண்டிருக்கும். அதே தொகை வங்கிக் கணக்கில் இருந்தால் மறுநாளே கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சரக்குக்கு முதல் போடாத இந்தத் தொழிலில் வாடகை, சம்பளம், இந்தக் குறைவு மூன்றுக்கும் கைப்பணம்தான் துணை. நான் கட்டும் பிரீமியம் அதற்கான விலை.

பிணைப்பத்திரத்தைக் காப்பீடு என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. ஆனால் இதில் காப்பாற்றப்படுவது நாம் இல்லை, அரசு. பிணை நிறுவனம் ஒரு டாலர் கொடுத்தால், அந்த டாலரை நம்மிடமிருந்து வசூலிக்கும். அதற்கென்றே ஈட்டுறுதி ஒப்பந்தத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கடை நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் உரிமையாளர் தனிப்பட்ட முறையில் கையெழுத்திட வேண்டும், சில சமயம் துணைவரும். வீட்டில் பேசாமல் போடுகிற கையெழுத்து இல்லை இது. என் பத்திரத்தின் மீது இதுவரை யாரும் கோரிக்கை எழுப்பியதில்லை. அந்த நேரத்தில் பிணை நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

கடன் வரலாறு அடிபட்டவருக்கு பிரீமியம் 10 சதவீதத்தைக்கூட எட்டலாம். அவர் கையில் உபரிப் பணமும் இருந்தால் ரொக்கமே போடட்டும், நான் மறுக்கமாட்டேன்.

பத்திரம் எடுப்பவர்கள் ரத்து விதியைப் படித்துவிடுங்கள். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிறுவனம் விலகிக்கொள்ளலாம். 30 அல்லது 60 நாள் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். அதற்குள் வேறு பத்திரம் கிடைக்காவிட்டால் கடை மூடவேண்டியதுதான். 60 நாள் தரும் நிறுவனம் பிரீமியத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.